பாட்டியின் கணினியில் பரிசோதனை வேண்டாம்

சென்ற 2025ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. அதற்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் எங்கள் வீட்டு ஹாலில் நான் செய்த ஒரு வேலைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோடு ஒரு பழைய மேசைக் கணினி இணைக்கப்பட்டிருக்கிறது. மாமாவின் அலுவலகத்தில் கழித்துவிட்டபோது 300 வெள்ளிக்கு வாங்கியது. பழைய படங்கள், பாடல்கள், குடும்பக் காணொலிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பெரிய வார்த்தையில் சொன்னால் 'ஹோம் தியேட்டர் கணினி'. எங்கள் வீட்டில் அதன் பெயர் 'ஹால் கம்ப்யூட்டர்'.

அதில் தாத்தாவின் அறுபதாம் கல்யாணக் காணொலியும் இருக்கிறது. வீ.எச்.எஸ். நாடாவிலிருந்து மாற்றி வைத்தது. தாத்தா இப்போது இல்லை. தீபாவளி மாலையில் உறவினர்கள் வந்து சேர்ந்ததும் பாட்டி அதைப் போடச் சொல்வார். கடைசியில் தாத்தா எழுந்து நின்று இரண்டு நிமிடம் நன்றி சொல்லிப் பேசுவார். அவருடைய குரல் எங்களிடம் இருப்பது அந்த இரண்டு நிமிடம் மட்டுமே.

விடுமுறைக்கு வீடு வந்த நான், விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே என்று அந்தக் கணினியில் புதிய இயங்குதளம் ஒன்றை நிறுவினேன். விடுதியில் என் மடிக்கணினியில் ஆசையாகப் பயன்படுத்தும் லினக்ஸ் அது. 'ரோலிங்' வகையைச் சேர்ந்தது. அதாவது, ஒவ்வொரு மென்பொருளின் புதிய பதிப்பும் வெளிவந்த சில நாள்களிலேயே வந்து சேர்ந்துவிடும். தீபாவளியன்று காலையில் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். மாலையில் படம் வந்தது, சத்தம் வரவில்லை.

"தம்பி, தாத்தா வாயசைக்கிறாரு, சத்தத்தைக் காணோமே," என்றார் பாட்டி.

கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிவரை போராடினேன். உறவினர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில்தான் காரணம் புரிந்தது. கர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப்பகுதி புதுப்பித்தலில் மாறியிருந்தது. எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக ஒலியை அனுப்பும் பகுதி அந்தப் புதிய கர்னலில் சரியாக வேலை செய்யவில்லை. பழைய கர்னலுக்குத் திரும்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த மாலைப்பொழுது திரும்பி வரவில்லை.

தவறு இயங்குதளத்தின் மீது அல்ல. புதியதை உடனுக்குடன் தருவதுதான் அதன் வேலை. அதை நம்பி இருப்பவர்கள் யார் என்று யோசிக்காமல் தேர்ந்தெடுத்தது என் தவறு.

நிலையானது என்றால் என்ன?

'ஸ்டேபிள்' என்ற சொல்லை நம்மில் பலர் 'நின்றுபோகாதது' என்று புரிந்துகொள்கிறோம். மென்பொருள் உலகில் அதற்கு முதல் பொருள் 'மாறாதது' என்பதே. இன்று ஒரு பொத்தான் எங்கே இருக்கிறதோ, அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு டெபியன் லினக்ஸ். அதில் 'நிலையானது', 'சோதனையில் உள்ளது', 'நிலையற்றது' என மூன்று கிளைகள் உண்டு. பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்தின் பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டுகிறார்கள். நிலையற்ற கிளையின் நிரந்தரப் பெயர் 'சிட்'. படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் அது. இதைவிட நேர்மையான எச்சரிக்கை வேறு என்ன வேண்டும்?

நிலையான கிளையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் புதிய பதிப்பு வரும். டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில். டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்பு ஓட்டை ஏதும் கண்டுபிடிக்கப்பட்டால், பெரும்பாலும் மென்பொருளின் புதிய பதிப்பைக் கொண்டுவந்து திணிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்துத் தருகிறார்கள். கூரையில் ஒழுகினால் ஓட்டை மாற்றுவதுபோல. வீட்டையே இடித்துக் கட்டுவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாறாமல் இருப்பதும் கைவிடப்படுவதும் ஒன்றல்ல. ஆதரவு முடிந்த விண்டோஸ் 10கூட மாறாமல்தான் இருக்கும். ஆனால் அதன் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. இணையத்தோடு இணைந்த ஒரு கணினியை அப்படி விட்டுவைப்பது பூட்டில்லாத வீட்டில் தூங்குவதுபோல. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கிறது என்பது உண்மைதான். அது பிரச்சினையைத் தள்ளிவைக்குமே தவிர, தீர்க்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எங்கள் கணினியில் இருப்பது இன்டெலின் ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் செயலிகளை ஏற்கிறது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன. தூக்கி எறிவதும் எளிதல்ல. நம் நாட்டில் மின்னணுக் கழிவு 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. குப்பைத்தொட்டியில் போட்டுவிட முடியாது. எனவே பழைய கணினிக்கு ஏற்ற இயங்குதளத்தைத் தேடுவது சிக்கனம் மட்டுமன்று, பொறுப்பும்கூட.

முதலாவது வழி லிப்ரெலெக். 2016இல் தொடங்கிய இந்த இயங்குதளத்துக்கு ஒரே வேலைதான்: 'கோடி' என்ற ஊடக மென்பொருளை ஓட்டுவது. (இது எண் அல்ல, பெயர். எக்ஸ்.பி.எம்.சி. என்று அழைக்கப்பட்ட மென்பொருளுக்கு 2014இல் இந்தப் பெயர் வந்தது.) லிப்ரெலெக்கின் அமைப்பு முழுவதும் படிக்க மட்டுமே முடிந்த ஒரு கோப்பாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். நம் படங்களும் அமைப்புகளும் தனிப் பகுதியில் இருக்கும். இயங்குதளத்தின் கோப்புகளை யாரும் தெரியாமல் அழித்துவிட முடியாது. சாயங்கால இடிமழையில் மின்சாரம் 'டிரிப்' ஆகும் நம் ஊர்களில் இது பெரிய நன்மை. திடீரென்று நின்றாலும் இயங்குதளம் சிதையும் வாய்ப்பு மிகக் குறைவு. சிறிய ராஸ்பெரி பை கணினியிலும் ஓடும். அதில் தொலைக்காட்சியின் ரிமோட்டையே பயன்படுத்தலாம். குறை என்னவென்றால், சாதாரண இணைய உலாவி அதில் இல்லை.

இரண்டாவது வழி, நீண்ட கால ஆதரவுள்ள பொது லினக்ஸ். டெபியனின் நிலையான பதிப்புக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவும் அதன்பின் இரண்டு ஆண்டு நீண்ட கால ஆதரவும் உண்டு. உபுண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் எல்.டி.எஸ். பதிப்பை வெளியிடுகிறது. அதற்கு ஐந்து ஆண்டு ஆதரவு. விண்டோஸ் பழகியவர்களுக்கு எளிதாக இருக்கும் லினக்ஸ் மின்ட்டும் அந்த எல்.டி.எஸ். மீது கட்டப்பட்டதுதான். உலாவி, கோடி இரண்டும் வேண்டும் என்றால் இந்த வழியே நல்லது.

மூன்றாவது வழி விண்டோஸ் 11. கணினி தகுதி பெற்றிருந்து, நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளை 4கே தரத்தில் கணினி வழியாகவே பார்க்க வேண்டும் என்றால், இதை ஒதுக்க முடியாது. காப்புரிமைப் பாதுகாப்புக் காரணமாக லினக்ஸ் உலாவிகளுக்கு அந்தச் சேவைகள் 4கே தருவதில்லை. உண்மையைச் சொன்னால், வீட்டில் அப்படிப்பட்ட சேவைகளை மட்டுமே பார்க்கிறார்கள் என்றால் கணினியே தேவையில்லை. திறன் தொலைக்காட்சியில் உள்ள செயலி போதும்.

பெரிய நிறுவனத்தின் தயாரிப்பு என்பதாலேயே ஒன்று நிலைத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். விண்டோஸ் 7 காலத்தில் மீடியா சென்டர் என்ற அருமையான வசதி இருந்தது. பலர் தங்கள் ஹோம் தியேட்டரையே அதைச் சுற்றி அமைத்திருந்தார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அது நீக்கப்பட்டது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் செயலியையும் பார்த்துக்கொள்ளுங்கள். காணொலியை வன்பொருளே விரிக்குமா என்பது முக்கியம். இன்டெலின் ஆறாம் தலைமுறை சாதாரண எச்.இ.வி.சி. காணொலியை நேரடியாகக் கையாளும். 10 பிட் எச்.இ.வி.சி.க்கு ஏழாம் தலைமுறை வேண்டும். அது இல்லாவிட்டால் படம் விட்டுவிட்டு ஓடும், விசிறி இரையும், பழி இயங்குதளத்தின் மேல் விழும்.

கற்றுக்கொள்ள வேண்டாமா?

"புதியதை முயன்றால்தானே கற்க முடியும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ரோலிங் லினக்ஸில் நான் கற்றது கொஞ்சமல்ல. அது உடைந்தபோதெல்லாம் ஏன் உடைந்தது என்று தேடித்தான் கணினியைப் பற்றிப் பாதி தெரிந்துகொண்டேன். என் மடிக்கணினியில் இன்றும் அதுதான் இருக்கிறது. அங்கே உடைந்தால் பாதிக்கப்படுவது நான் மட்டும்.

ஹால் கணினியின் கதை வேறு. உடைத்தவன் இருநூறு கிலோமீட்டர் தள்ளி விடுதியில் இருப்பான். மாட்டிக்கொள்வது அம்மாவும் பாட்டியும். பாட்டிக்குத் திரையில் உள்ள ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கீழே மூன்று, வலது பக்கம் ஒன்று, பிறகு நடுப் பொத்தான் என்று எண்ணி வைத்திருக்கிறார். நமக்கு 'புதிய அழகான முகப்பு' என்பது அவருக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் வீணாய்ப் போன நாள். வீட்டில் கணினி தெரிந்த ஒரே பிள்ளை என்ற பெருமை நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பெருமையில், மற்றவர்களின் பழக்கத்தை மாற்றும் உரிமையும் நமக்கு இருப்பதாக நினைத்துவிடுகிறோம். அது இல்லை.

தீபாவளி முடிந்த வாரம் டெபியன் 13ஐ நிறுவினேன். அப்பா உலாவியில் பாட்டுக் கேட்பார் என்பதால் லிப்ரெலெக்கைத் தவிர்த்தேன். கணினி எழுந்ததும் நேராகக் கோடி திறக்கும். பாட்டியின் 'கீழே மூன்று, வலது ஒன்று' மாறாதபடி பட்டியலை அமைத்தேன். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தானாக நிறுவப்படும். மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி தானே இயங்கும்படி பயாஸ் அமைப்பில் மாற்றினேன். எல்லாம் சரியாக ஓடியபின் வட்டு முழுவதையும் வெளி வன்வட்டில் படியெடுத்தேன். தாத்தாவின் காணொலியை மட்டும் இன்னும் இரண்டு இடங்களில் தனியாகச் சேமித்தேன். எவ்வளவு நிலையான இயங்குதளமாக இருந்தாலும் வன்வட்டு ஒருநாள் சாகும்.

அடுத்த விடுமுறையில் வீட்டுக் கணினியில் கை வைக்கும் முன் மாணவ நண்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இதை அன்றாடம் பயன்படுத்துபவர் யார்? இதற்கு எத்தனை ஆண்டு ஆதரவு உண்டு? நான் இல்லாதபோது உடைந்தால், பழைய நிலைக்குத் திருப்ப வீட்டில் இருப்பவர்களுக்கு வழி இருக்கிறதா? மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே யூ.எஸ்.பி.யைச் செருகுங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் எதையும் மாற்றாதீர்கள்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது பாட்டி அந்தக் காணொலியைப் போடச் சொன்னார். நான் ரிமோட்டை எடுப்பதற்குள் அவரே எண்ணி அழுத்திவிட்டார். தாத்தா எழுந்து நின்று பேசினார். முழுவதும் கேட்டது.