வெற்றுக் கடவுச்சொல்லும் கடவுச்சொல்தான்

கடவுச்சொல் வைக்காத கணக்கை விண்டோஸ் விருந்தாளிபோல ஒதுக்கிவிடும், ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ குழுவில் சேர்க்காது என்று நம்மில் பலர் இன்னமும் நம்புகிறோம். சேர்க்கும். அப்படியொரு கணக்கில் நுழைந்து, கட்டளைச் சாளரத்தில் அதன் குழுக்களைப் பட்டியலிட்டால் எஸ்-1-5-11 என்ற அடையாள எண் அங்கே நிற்கும். வெற்றுச் சரம் உள்ளே போனது, பதிவிலிருந்த ஹாஷோடு பொருந்தியது. குழுவுக்கு அதுவே போதும். கெஸ்ட் கணக்குக்கோ எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்தாலும் அந்தக் குழுவில் இடமில்லை.

கட்டுப்பாடு இருப்பது அனுமதியில் அல்ல, நுழையும் வழியில். வெற்றுக் கடவுச்சொல் கொண்ட உள்ளூர்க் கணக்கை நேரடி விசைப்பலகையோடு நிறுத்தும் கொள்கை எக்ஸ்பி காலத்திலிருந்தே இயல்பாக இயக்கத்தில் உள்ளது. ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்தால் மறுக்கும். ரன்ஆஸ் கட்டளையோ 1327 என்ற பிழையைக் காட்டும். இதனால் ஒரு வேடிக்கையும் உண்டு: ‘1234’ என்று வைத்த கணக்கை வலைப்பின்னல் வழியே ஊகித்துத் திறக்கலாம், எதுவுமே வைக்காததைத் திறக்க முடியாது. ஆனால் அதே கணக்கு ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவில் இருந்தால், மேசைமுன் உட்கார்ந்தவர் ‘ஆம்’ என்று ஒரு முறை சொடுக்கினால் போதும், முழு அதிகாரமும் அவர் கையில். டொமைன் கணக்குகளை இந்தக் கொள்கை தொடுவதே இல்லை.

லினக்ஸில் குழப்பம் வேறு மாதிரி. ஷேடோ கோப்பில் பயனர் பெயரை அடுத்த புலம் காலியாக இருந்தால் கடவுச்சொல்லே வேண்டாம். அங்கே ஆச்சரியக்குறி இருந்தால் எந்தக் கடவுச்சொல்லும் செல்லாது. அல்பைன் லினக்ஸின் அதிகாரபூர்வ டாக்கர் படிமங்கள் 3.3 பதிப்பிலிருந்து ரூட்டின் புலத்தைக் காலியாகவே விட்டிருந்தன. 2019இல் சிவிஇ-2019-5021 என்று அது பதிவானது. திருத்தம் என்னவோ ஓர் ஆச்சரியக்குறிதான். உபுண்டுவின் கிளவுட் படிமங்களில் இயல்பாக வரும் பயனரின் கடவுச்சொல் பூட்டப்பட்டிருக்கும். சாவியோடு எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்தவருக்கோ சுடோ எதையும் கேட்காமல் ரூட் அதிகாரம் தரும். பேச்சுவழக்கில் காலியான கணக்கு, பூட்டப்பட்ட கணக்கு இரண்டையும் ‘பாஸ்வேர்ட் இல்லாத கணக்கு’ என்றே சொல்கிறோம். தணிக்கைப் படிவத்திலும் ‘கடவுச்சொல் உண்டா, இல்லையா’ என்ற ஒரே கட்டம்தான். லினக்ஸின் கடவுச்சொல் நிலைக் கட்டளையோ பி (உண்டு), எல் (பூட்டப்பட்டது), என்பி (இல்லை) என்று மூன்று விடை தருகிறது. குழு உறுப்பினர் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்த மூன்றுக்கும் ஒரு பத்தி சேர்க்க அரை மணி நேரம்கூட ஆகாது.