வளர்த்துப் பிரிதல்

பழைய அகநூல்களைப் பயின்ற மாணவர் செவிலித்தாயை நன்கறிவர். அவள் பெறாத தாய். சோறூட்டிச் சீராட்டி வளர்த்த பெண், ஒருநாள் தான் விரும்பிய தலைவனோடு சென்றுவிட, வெறிச்சோடிய மனையிலே நின்று கலங்குபவள். இத்தகைய செவிலியர் நாய்களுக்கும் வேண்டும் என்று யாம் கூறின் நண்பர் சிலர் நகைப்பர். நகைத்து முடிந்தபின் எம் சொல்லையும் சற்றுச் செவிமடுப்பாராக.

காஞ்சியைச் சார்ந்து, வேகவதியாற்றின் கரையிலே அமைந்தது திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி எனப் பெயர்பெற்ற இவ்வூரில் திரைலோக்கியநாதர் ஆலயம் உள்ளது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஆம் ஆண்டளவில் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்திலே தீர்த்தங்கரர் சரிதங்கள் ஓவியங்களாய்த் திகழ்கின்றன. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் போற்றிவரும் ஊர் இது. ஆயினும் கொல்லாமை வேறு, காத்தல் வேறு. நாம் கொல்லாது விட்ட நாய்க்குட்டி நம் வாயிலிலேயே பசியால் மடியுமாயின், நம் கை தூயது என்று மகிழ்தல் எங்ஙனம்?

இவ்வேறுபாட்டை உணர்ந்தோர் முன்னரே இருந்தனர். 1832-ஆம் ஆண்டில் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல அரசாங்கத்தார் முற்பட்டபோது, பார்ஸி மக்கள் வெகுண்டெழுந்தனர். நகரில் கலகம் மூண்டது. சினம் தணிந்தபின் செயல் பிறந்தது. 1834-இல் ஜம்செட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்ஸி வணிகரும் அமீசந்த் ஷா என்பாரும் ‘பிஞ்ஜராபோல்’ என்னும் பிராணி காப்பகத்தை அந்நகரில் நிறுவினர். நம் சென்னையில் காப்டன் சுந்தரமும் அவர்தம் மனைவியார் உஷா சுந்தரமும் 1959-இல் புளூ கிராஸ் சங்கத்தைத் தொடங்கினர். நாய்களின் பெருக்கத்தைத் தடுக்கக் கொலை வழியன்று, கருத்தடையே வழி என்று அச்சங்கம் நெடுங்காலம் வற்புறுத்தி வந்தது. 2001-இல் மத்திய அரசாங்கம் வகுத்த விதிகளும் அவ்வழியையே மேற்கொண்டன.

நிற்க. காப்பகம் இருக்க, இல்லங்கள் எதற்கு என்று வினவலாம். பல பிராணிகள் நெருங்கி வாழும் இடத்தில் பார்வோ போன்ற கொடிய தொற்றுநோய்கள் எளிதிற் பரவிக் குட்டிகளை மாய்க்கின்றன. இஃதொன்று. மற்றொன்று, பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பதினான்காம் வாரம் வரையிலுமே நாய்க்குட்டி மனிதரையும் அவர்தம் ஓசைகளையும் அஞ்சாது பழகக் கற்கின்றது. அப்பருவத்தைக் கூண்டிலே கழித்த குட்டி மனிதரைக் கண்டு அஞ்சும், அஞ்சுவது கடிக்கும். ஆதலின், தத்துக்கொள்வார் வரும்வரை ஒரு குட்டியைத் தம் மனையில் வைத்துப் பேணுவோர், நாய்க்கு மட்டுமன்று, ஊருக்கும் உபகாரம் செய்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய குட்டியொன்றை யாம் ஏற்றோம். அண்டை வீட்டுத் தறியின் ஓசை கேட்டாலே அது நெற்குதிருக்குப் பின்னே ஒளிந்து நடுங்கும். மூன்றாம் வாரத்தில் அவ்வோசையின் நடுவே அயர்ந்து உறங்கிற்று. இரண்டு திங்கள் கழித்து நல்லதோர் குடும்பத்தார் வந்து அழைத்துச் சென்றனர். அன்றிரவு எம் வீட்டுச் சிறுவர் உண்ணவில்லை. திண்ணையிலிருந்த அதன் சோற்றுத் தட்டை எடுத்துவைக்க எவருக்கும் மனம் வரவில்லை. ஒரு திங்களுக்குப்பின் காணச் சென்றோம். ஓடிவந்து வாலைக் குழைத்து எம் கைகளை நக்கிற்று. பின்னர்த் திரும்பிப் போய்த் தன் புதிய தலைவியின் காலடியிலே படுத்துக்கொண்டது. அக்கணத்தில் யாம் உற்றது துன்பமோ இன்பமோ, இன்றும் பிரித்துரைக்க இயலவில்லை.

“பிரிய மனம் வராது, ஆகவே வளர்க்கமாட்டோம்” என்பார் பலர். இஃது அன்புடையார் கூற்றே. ஆயினும் அவ்வன்பு தன்னையே காத்துக்கொள்கின்றது. காஞ்சியில் பட்டு நெய்வோரைக் காண்மின். நாள் பல தறியில் அமர்ந்து இழையோடு இழை சேர்த்த புடவை தறியினின்று அறுபட்டு, முன்பின் அறியாத மணமகளைச் சேர்கின்றது. தாமே உடுத்தற்பொருட்டோ அவர் நெய்தனர்? குட்டி நீங்கிய இடமே அடுத்த குட்டிக்கு இடமாகும். பிரிவை ஏலாதவர் ஒன்றைக் காப்பர். ஏற்பவர் பலவற்றைக் காப்பர்.

வெறிநாய்க்கடியை அஞ்சுவோரை யாம் பழியோம். அந்நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 மக்கள் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு நாய்க்கடியே காரணம். அதனாலன்றோ தடுப்பூசி இட்டு, மனிதரோடு பழக்கி, பொறுப்புள்ள இல்லத்தில் சேர்த்தல் வேண்டும் என்கின்றோம்.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தார், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், புகைவண்டி நிலையங்கள் முதலியவற்றிலுள்ள தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் காப்பகங்களில் வைக்குமாறு ஆணையிட்டனர். காப்பகங்கள் நிறைய, இல்லங்களின் தேவையும் மிகுமன்றோ? விடுதி முற்றத்து நாய்க்கு மிச்சச் சோறிட்டு மகிழ்ந்த மாணவர்க்கு இஃது அயலார் செய்தி அன்று.

விடுதியில் வாழ்வோர் குட்டியை ஏற்றல் இயலாது. ஞாயிறுதோறும் ஒரு நாழிகை காப்பகத்திற்குச் சென்று உதவலாம். ஊரில் வீடும் முற்றமும் பெற்றோரின் இசைவும் உடையோர், விடுமுறைக் காலத்தில் ஒன்றை ஏற்றுப் பேணலாம். பிரியும் நாளில் கண் கலங்கும், கலங்கட்டும். செவிலியின் கண்ணீரை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை.