மகிழுந்துக்கு வினைல் ஒட்டுவதும் ஒரு பாடமே!



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் போய்க் காடி கழுவத்தான் வேண்டும்!"

இவ்வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை நம் நாட்டில் அரிது. பெற்றோர் கூறுகின்றனர்; ஆசிரியர் சிலரும் கூறுகின்றனர். கூறுபவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால், அது பிள்ளையின் மனத்தில் ஒரு தவறான கருத்தை விதைத்துவிடுகிறது. தலையில் இருப்பதே அறிவு, கையில் இருப்பது அறிவன்று என்பதே அக்கருத்து.

இதனை மறுப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று பலருக்கு வியப்பளிக்கலாம். மகிழுந்தின் உட்புறத்தில் உள்ள நெகிழிப் பாகங்களுக்கு வீட்டிலேயே வினைல் படலம் ஒட்டும் வேலைதான் அது!

ஏன் இந்த வேலை?

1994-இல் அறிமுகமான பெரோடுவா கஞ்சிலும் 2005-இல் அறிமுகமான மைவியும் இன்றும் ஜொகூர்ச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அண்ணன் ஓட்டியதைத் தம்பி ஓட்டுகிறார். அப்பா ஓட்டியதை மகள் ஓட்டுகிறார். இயந்திரம் நன்றாக இருக்கும். ஆனால், உட்புறம் நம் வெயிலையும் ஈரக்காற்றையும் தாங்குவதில்லை. கதவுக் கைப்பிடியைச் சுற்றியுள்ள பாகம் கீறல் விழுந்து நிறம் மங்கிவிடும். சில மகிழுந்துகளில் மென்மைக்காகப் பூசப்பட்ட மேற்பூச்சு ஈரத்தால் சிதைந்து, தொட்டால் கையில் பிசுபிசுவென ஒட்டும்.

இப்பாகங்களைப் புதிதாக வாங்கலாம். ஸ்டிக்கர் கடையில் கொடுத்தும் ஒட்டலாம். வீட்டிலேயே பிள்ளையோடு அமர்ந்தும் செய்யலாம். வெளிப்புற நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவிலும் அதனை மாற்ற வேண்டும். உட்புறத்துச் சிறு பாகங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. தவறினாலும் உரித்துவிட்டு மீண்டும் ஒட்டலாம். பிள்ளைக்குப் பழக இதைவிட நல்ல வேலை வேறென்ன வேண்டும்?

செய்முறை

1. பாகத்தை நெகிழி நெம்பியால் மெதுவாக நெம்பிக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் உட்புறக் கவ்விகளே அதனைப் பிடித்திருக்கும். மின்விசைகள் பொருத்திய பாகமாயின் பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. சவர்க்கார நீரால் கழுவி உலர்த்த வேண்டும். பிசுபிசுக்கும் மேற்பூச்சு இருந்தால் அதனை முழுவதும் நீக்க வேண்டும். கீறல்களை மென்மையான மணல்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, இறுதியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைக்க வேண்டும். டாஷ்போர்டை மினுக்குவதற்காக நாம் தெளிக்கும் சிலிக்கோன் எண்ணெய் சிறிது எஞ்சியிருந்தாலும் பசை பிடிக்காது.

3. படலத்தைச் சுற்றிலும் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வைத்து வெட்ட வேண்டும்.

4. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீவி ஒட்ட வேண்டும். மெல்லிய துணி சுற்றிய பழைய டச் என் கோ அட்டையே இதற்குப் போதும்.

5. வளைவுகளில் முடி உலர்த்தியால் சிறிது சூடேற்றினால் படலம் இளகிக்கொடுக்கும். அளவுக்கு மீறி இழுத்தல் கூடாது. ஓரத்தைப் பின்புறம் மடித்து ஒட்டி, மிஞ்சியதைக் கட்டர் கத்தியால் நீக்கி, வளைவுகளை மறுபடியும் சூடேற்றி அழுத்த வேண்டும்.

கத்தி வேலையைப் பெரியவர் செய்யட்டும். சில நூறு பாகை வரை செல்லும் வெப்பத் துப்பாக்கியைப் பிள்ளையிடம் தர வேண்டா. வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு. அது கருகினால் எரிச்சலூட்டும் ஆவி வெளிவரும். ஆகவே, காற்றோட்டமான இடத்தில் செய்க.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. "எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்" என்று பொறித்த எந்தப் பாகத்தின்மீதும் படலம் ஒட்டுதல் கூடாது. ஸ்டியரிங்கின் நடுப்பகுதி, பயணியின் எதிரே உள்ள டாஷ்போர்டு, சில மகிழுந்துகளில் கண்ணாடியோரத் தூண்கள் ஆகியவை இதில் அடங்கும். மோதலின்போது காற்றுப்பை ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அந்த மூடியைப் பிளந்து விரிய வேண்டும். நாம் அழகுக்காக ஒட்டும் படலம் அதற்குத் தடையாகிவிடக் கூடாது. டாஷ்போர்டின் மேற்பரப்பில் பளபளப்பான படலமும் வேண்டா. அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் பார்வையைக் கெடுக்கும்.

இதில் பாடம் எங்கே?

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் பழைய மகிழுந்தின் நான்கு கதவுப் பட்டைகளுக்கு என் மகளும் நானும் படலம் ஒட்டினோம். ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம். பரப்பளவு 252 சதுர சென்டிமீட்டர் என்று உடனே சொல்லிவிட்டாள். சுற்றிலும் 3 சென்டிமீட்டர் கூட்டினால் 48 க்கு 12 ஆகும். "கொஞ்சம்தானே கூடும்?" என்றாள். பெருக்கிப் பார்த்தாள், 576 வந்தது. இரண்டு மடங்குக்கும் மேல்! ஓரத்தில் சிறிது கூட்டினால் பரப்பளவு எப்படித் தாவுகிறது என்பதைப் பயிற்றி நூலில் பலமுறை செய்திருக்கிறாள். அன்றுதான் வியந்தாள்.

கணக்கு அத்துடன் முடியவில்லை. இப்படலச் சுருளின் வழக்கமான அகலம் 152 சென்டிமீட்டர். பட்டைகளைச் சுருளின் அகலவாக்கில் படுக்க வைத்தால் ஒரு வரிசையில் மூன்று அடங்கும்; நான்குக்கு இரண்டு வரிசை, அதாவது 24 சென்டிமீட்டர் நீளம் வாங்கினால் போதும். நீளவாக்கில் நிறுத்தினால் 48 சென்டிமீட்டர் வாங்க வேண்டும். அப்படியானால் படுக்க வைப்பதே சிக்கனம் அல்லவா? ஒரே நிறப் படலமாயின் ஆம். நாங்கள் தேர்ந்ததோ மரவரிப் படலம். அதில் வரிகள் சுருளின் நீளவாக்கில் ஓடின. படுக்க வைத்து வெட்டினால் பட்டையில் வரிகள் குறுக்காக நிற்கும். சிக்கனமா, அழகா? இத்தகைய கேள்வியை எந்தப் பயிற்றி நூல் கேட்கிறது?

அறிவியலும் இங்கு உண்டு. வினைல் படலத்தில் இரு வகை. உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துச் செய்வது ஒன்று. நீர்மமாக வார்த்து உலர்த்திச் செய்வது மற்றொன்று. இழுத்துச் செய்த வகை, சூடுபட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். வார்த்த வகையில் அத்தகைய இழுவிசை குறைவு. ஆதலால், வளைவான பாகங்களில் அது நிலைத்து நிற்கும். விலை கூடுதலாக இருப்பதன் காரணமும் பிள்ளைக்கு விளங்கும்.

தமிழும் உண்டு என்பதே எனக்கு மிகவும் மகிழ்ச்சி. "நெம்புகோல்" என்னும் சொல்லை நம் மாணவர்கள் அறிவியல் பாடத்தில் எழுதுகிறார்கள். "நெம்பு" என்னும் வினையை எத்தனை பேர் கையால் அறிந்திருக்கிறார்கள்? நெம்பு, நீவு, தேய், மடி, இழு, பொருத்து, செதுக்கு... இச்சொற்கள் அகராதியில் உறங்குகின்றன. அட்டையால் படலத்தை ஒருமுறை நீவிய பிள்ளைக்கு, நீவுவதும் தடவுவதும் தேய்ப்பதும் வெவ்வேறு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கைவேலையைத் தமிழில் செய்யாத இனத்தின் மொழியில் கைவேலைச் சொற்கள் எப்படி வாழும்?

நம் முன்னோரின் கை

கைவேலையைத் தாழ்வாக எண்ணும் நாம் யாருடைய பேரப்பிள்ளைகள்? குளுவாங், கூலாய், சிகாமாட், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவியவர்களின் வாரிசுகள் நம்மில் பலர். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படை காயப்பட்டு மரம் கெடும். சரிவும் சரியாக அமைய வேண்டும்; அப்போதுதான் பால் வழிந்து மங்கில் சேரும். மரத்தைக் கெடுக்காமல் மீண்டும் மீண்டும் சீவும் முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி ஆராய்ந்து கண்டார் என்று வரலாறு அவர் பெயரைக் குறித்து வைத்திருக்கிறது. அம்முறையை அரையிருளில் ஒவ்வொரு மரத்திலும் பிழையின்றிச் செய்து காட்டிய நம் பாட்டிமாரின் பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லை. வினைலை வெட்டும்போது அடியிலுள்ள நெகிழியில் கீறல் விழாமல் கத்தியை அழுத்துவதும் அதே வகைத் திறன்தான். அதனை அறிவன்று என்று யார் சொல்வது?

பள்ளியில் நிலை என்ன?

தொடக்கப்பள்ளியில் இத்திறனுக்கென்றே ஒரு பாடம் உள்ளது. தொடக்கப்பள்ளிக்கான தர அடிப்படையிலான கலைத்திட்டத்தின்கீழ் 2014 முதல் நான்காம் ஆண்டில் தொடங்கிய "வடிவமைப்பும் தொழில்நுட்பமும்" என்னும் பாடமே அது. பாடத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால், நடப்பது என்ன? செய்பொருளை அப்பா இரவோடிரவாகச் செய்து கொடுக்கிறார். அல்லது கடையில் வாங்கிய ஆயத்தப் பெட்டி வந்து சேர்கிறது. சில வகுப்புகளில் படம் வரைந்து பெயர் எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோது கைக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். நான் காணும் பல வீடுகளில் அந்நேரத்தை மேலதிக டியூஷன் வகுப்புகளே எடுத்துக்கொண்டன.

இழப்பு யாருக்கு? தாளில் தடுமாறினாலும் கையில் தெளிவுள்ள பிள்ளைக்குத்தான். ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி இருவர் மூவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாளை தஞ்சோங் புத்திரி தொழிற்கல்விக் கல்லூரியும் பாசீர் கூடாங் தொழிற்பயிற்சிக் கழகமும் நல்ல வழிகளாக அமையலாம். ஆனால், பட்டறை என்றாலே தண்டனை என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, அவ்வழியில் தலைநிமிர்ந்து நடக்குமா? தோற்றுப் போனதாக அல்லவா எண்ணிக்கொண்டு நடக்கும்!

சில மறுப்புகள்

"பழையதை மறைத்துப் புதியது போலக் காட்டுவது போலித்தனம் அல்லவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இவ்வேலை அதற்கு நேர்மாறானது. அடியில் ஒரு மணல்துகள் இருந்தாலும் மேலே புடைத்து நிற்கும். மறைப்பதற்கு இங்கு இடமே இல்லை. அடித்தளத்தைச் சரிசெய்யாதவருக்கு மேற்பரப்பு அமையாது என்பதே பிள்ளை கற்கும் பாடம்.

"கடையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியுமே?" ஆம், முடியும்; அழகாகவும் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"எல்லாரிடமும் மகிழுந்து இல்லையே?" உண்மை. பழைய மேசை, அலமாரிக் கதவு, காலணிப் பெட்டி எதுவாயினும் சரி. பொருளன்று, கையே முக்கியம்.

என் வேண்டுகோள்

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு சிறு பாகத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். அளக்கவும், கணக்கிடவும், நீவவும் பிள்ளையே செய்யட்டும். சுருக்கம் விழுந்தால் நீங்கள் பிடுங்கிச் செய்யாதீர்கள். உரித்து மறுபடியும் ஒட்டட்டும்.

ஆசிரியர்களே, கடையில் வாங்கிய பளபளப்பான செய்பொருளைவிட, பிள்ளை தானே செய்த கோணலான செய்பொருளுக்கு மதிப்பளியுங்கள். வேலை நடக்கும்போது அதற்குரிய தமிழ்ச்சொல்லைச் சொல்லுங்கள்.

இருவருக்கும் பொதுவாக ஒன்று: பட்டறையைக் காட்டி இனிப் பிள்ளையை மிரட்ட வேண்டா. நம் மகிழுந்து நடுவழியில் நிற்கும்போது நாம் தேடி ஓடுவது பட்டறையில் இருக்கும் அந்த அறிவாளியைத்தான்!