குளிரூட்டிகளும் மாலை நேர மின்சாரமும்

பங்குனி, சித்திரை மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்கும் வெப்ப எச்சரிக்கை எமக்குப் பழகிப்போன செய்தியாகிவிட்டது. ஏப்ரல் மாதத்தின் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கின்றது. காற்று ஓய்ந்து, ஈரப்பதன் மிகுந்து, வியர்வை உலர மறுக்கும் அந்நாட்களில் வெப்பமானி காட்டும் அளவைக் காட்டிலும் உடல் உணரும் வெப்பம் பல பாகைகள் கூடுதலாக இருக்கும். வெப்பச் சுட்டி என்று திணைக்களம் குறிப்பிடுவது இதனையே. இத்தகைய நாட்களில் குளிரூட்டி விற்கும் கடைகளில் கூட்டம் கூடுவதில் வியப்பேதுமில்லை.

வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று குளிரூட்டியை ஒதுக்கிவைத்த காலம் கடந்துவிட்டது. முதியோர், இருதய நோயாளர், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இரவிலும் தணியாத வெப்பம் உயிராபத்தை விளைவிக்கக்கூடும். பகல் முழுவதும் வெப்பத்துடன் போராடிய உடல், இரவில் சிறிதளவேனும் குளிர்ந்தால்தான் மறுநாளைத் தாங்கும். எனவே, குளிரூட்டியே வேண்டாம் என்று உபதேசிப்பதில் பொருளில்லை. அதனை எந்த அளவில், எந்த நேரத்தில் இயக்குவது என்பதே கேள்வி. இதில் நேரம் பற்றிய பகுதி எம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டை அனுபவித்த மக்கள் நாம். அன்று எரிபொருள் வாங்க டொலர் இருக்கவில்லை. அதன் பின்னர் தோன்றியுள்ள சிக்கல் வேறு வகையானது. கூரைகளின் மீது பொருத்தப்பட்ட சூரிய மின்கலத் தகடுகள் நண்பகலில் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைத் தரும் நாட்களும் உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்றினால் ஏற்பட்டதாகக் கூறப்பட்ட கோளாறு, நாடு முழுவதையும் மின்சாரமின்றித் தவிக்கவிட்டது. குரங்கைப் பற்றிய கேலிகள் உலகெங்கும் பரவின. ஆனால், அது ஞாயிற்றுக்கிழமையாதலால் மின்சாரக் கேள்வி குறைந்தும் சூரிய மின்னுற்பத்தி மிகுந்தும் இருந்தமையால் கட்டமைப்பு தளர்ந்திருந்தது என்று மின்சார சபை அளித்த விளக்கம் அந்தச் சிரிப்பினிடையே கவனிக்கப்படாமற் போயிற்று. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின் தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு அதன் உரிமையாளர்களிடம் சபை வேண்டுகோள் விடுத்தது. நாட்டின் மிக வெப்பமான மாதத்தில், வெயில் இலவசமாகத் தந்த மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்லவேண்டிய நிலை!

சூரியன் மறைந்ததும் காட்சி மாறுகின்றது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையிலான நேரமே எமது நாட்டில் மின்சாரக் கேள்வி உச்சத்தைத் தொடும் வேளை. மழைக்கு முந்திய மாதங்களில் நீர்த்தேக்கங்களின் மட்டமும் தாழ்ந்திருக்கும். ஆகவே நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்பட்டே அந்த நான்கு மணித்தியாலங்கள் சமாளிக்கப்படுகின்றன. அலுவலகத்திலிருந்தும் கடையிலிருந்தும் வீடு திரும்புவோர் குளிரூட்டியின் பொத்தானை அழுத்துவதும் சரியாக இந்த வேளையிலேதான்.

கட்டண முறை இதனைத் திருத்துவதற்கு உதவுவதாக இல்லை. நேரத்துக்கேற்ற கட்டண முறை ஏட்டில் இருந்தபோதிலும், வீட்டுப் பாவனையாளரில் மிகப் பெரும்பாலானோருக்கு நண்பகல் அலகும் இரவு 8 மணி அலகும் ஒரே விலைதான். அவர்களது மின்மானிக்குத் தெரிந்தது மொத்த எண்ணிக்கை மட்டுமே. அந்த எண்ணிக்கையோ படிப்படியாக ஏறும் கட்டணத்துக்கு உட்பட்டது. மாதம் 60 அலகுகளைத் தாண்டியதும் ஆரம்ப அலகுகளுக்கான சலுகை விலை பறிபோகின்றது; 180 அலகுகளைத் தாண்டிய பாவனைக்கு மிக உயர்ந்த விலை அறவிடப்படுவதோடு நிலையான கட்டணமும் உயர்கின்றது.

இனி ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். ஒரு படுக்கையறைக்குப் போதுமான 12,000 பி.ரி.யு. கொள்ளளவுடைய பழைய வகைக் குளிரூட்டி இயங்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோவாற் மின்சாரத்தை இழுக்கின்றது. அதன் அமுக்கி ஓய்வின்றி ஆறு மணித்தியாலம் இயங்கினால் ஆறு அலகுகள். முப்பது நாட்களில் 180 அலகுகள். குளிர்சாதனப் பெட்டி, நீர்ப்பம்பி, மின்விளக்கு, தொலைக்காட்சி யாவும் அதற்கு மேல்தான். அதாவது, அதுவரை நடுத்தரப் பட்டியல் செலுத்திவந்த குடும்பத்தை அந்த ஓர் அறை உச்சப் படிக்கு ஏற்றிவிடக்கூடும். பட்டியலைக் கண்டு திகைப்போர் மின்மானியில் பிழை என்று முறைப்பாடு செய்வதுண்டு. பெரும்பாலும் பிழை மின்மானியில் இருப்பதில்லை.

அமுக்கி ஓய்வின்றி இயங்குவதும் இடையிடையே ஓய்வதும் நாம் வைக்கும் பாகையைப் பொறுத்தது. 16 அல்லது 18 பாகையில் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. பழைய வகை இயந்திரத்தில் இது உண்மையன்று. அதன் அமுக்கி முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும், இடைநிலை கிடையாது. 18இல் வைத்தாலும் 26இல் வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றே. 18இல் வைத்தால் நிற்பதற்கு வாய்ப்பின்றி ஓடிக்கொண்டிருக்கும் என்பதே வித்தியாசம். இன்வேர்ட்டர் வகை தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆற்றலுடையது. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கி, பின்னர் 16இல் வைத்து அந்த ஆற்றலைப் பயன்படவிடாது தடுப்போரும் உளர்.

அறையை 27 பாகையில் வைத்து, உடன் மின்விசிறியையும் இயக்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் ஆலோசனை கூறுகின்றது. விசிறியின் காற்றினால் அறை மேலும் 4 பாகை குளிர்ந்தது போன்ற உணர்வு ஏற்படும் என்றும், குளிரூட்டலுக்கான மின்செலவு 70 சதவீதம் வரை குறையலாம் என்றும் அது குறிப்பிடுகின்றது. 27 பாகை எமது மக்களுக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் குளிரூட்டி காற்றைக் குளிர்விப்பதுடன் அதிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கின்றது. வெளியே குழாய் வழியாகச் சொட்டும் நீர் அதுவே. ஈரம் குறைந்த 27 பாகையும் கொழும்பின் புழுக்கமான 27 பாகையும் ஒன்றல்ல. ஜப்பான் 2005இலேயே அலுவலகங்களில் 28 பாகையைப் பரிந்துரைத்து, கழுத்துப்பட்டியையும் மேலங்கியையும் களைந்து வருமாறு ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரத் தரக்குறியீடு பெறும் அறைக் குளிரூட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 24 பாகையில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பாவனையாளர் விரும்பினால் மாற்றலாம். பெரும்பாலானோர் மாற்றுவதில்லை என்ற மனித இயல்பை நம்பிச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

நேரத்தைப் பொறுத்தவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. பகலில் ஆட்கள் இருக்கும் வீடாயின், பிற்பகல் 3 மணி தொடக்கம் அறையைக் குளிரவைத்து, 6.30இன் பின்னர் பாகையை உயர்த்தி விசிறியுடன் சமாளிக்கலாம். படுக்கைக்குச் செல்லும் 10.30 அளவில் மீண்டும் இயக்கி, விடிகாலை 3 அல்லது 4 மணிக்கு தானாக நிற்குமாறு வைத்தால், வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் அவ்வேளையில் யன்னலைத் திறந்துவிடலாம். இதனால் பட்டியல் சற்றுக் குறையலாமேயன்றி, உச்ச வேளையைத் தவிர்த்தமைக்கென்று தனியாக ஒரு சதமேனும் கிடைக்காது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

உண்மையில் குளிரூட்டி போராடுவது வானிலையோடு மட்டுமல்ல. நாம் கட்டும் வீட்டோடும்தான். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் சூடான காற்றை மேலே அனுப்பியது. ஓட்டுக் கூரையின் இடுக்குகள் மூச்சுவிட்டன. வளவில் நின்ற வேம்பு சுவரில் வெயில் படாது காத்தது. இன்று மரத்தைத் தறித்து, முற்றத்துக்குச் சீமெந்திட்டு, கொங்கிறீற் தட்டையும் கண்ணாடி யன்னலையும் வைத்துக் கட்டுகின்றோம். பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய தட்டு, இரவு பத்து மணி வரை அதனை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கின்றது. அவ்வேளையில் குளிரூட்டி குளிர்விப்பது எம்மையல்ல, தலைக்கு மேலுள்ள கொங்கிறீற்றை. மேற்குச் சுவருக்கு ஒரு நிழற்பந்தல், மேற்தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, யன்னலுக்கு வெளிப்புறமாக ஒரு தட்டி ஆகிய மூன்றும் ஒரே தடவைச் செலவுகள்.

பராமரிப்பு பற்றியும் சில வார்த்தைகள். தூசு அடைத்த வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை நீரில் அலசினாலே இயந்திரத்தின் சுமை குறையும். ஆண்டுதோறும் காஸ் நிரப்பவேண்டும் என்று கூறும் திருத்துநர்களை நம்பவேண்டாம். குளிரூட்டும் வாயு எரிந்து தீரும் பொருளன்று. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டை வாளியில் நீர் இறைப்பதே. கசியும் அவ்வாயு புவியை வெப்பமாக்குவதில் காபனீரொட்சைட்டைவிடப் பன்மடங்கு வலியது. பழைய வகை ஆர்-22 வாயு 1,800 மடங்குக்கும் மேல். வெளிக்குழாயில் சொட்டும் நீர் தேங்கி நிற்குமானால் டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். அந்த நுளம்புக்கு அஞ்சிப் பூட்டிய அறைக்குள் நுளம்புச் சுருளைக் கொளுத்தி வைப்பது அதனிலும் கேடு. வீட்டுக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகின்றது. புகையும் அவ்வாறே சுழன்றுகொண்டிருக்கும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற இடங்களில் அடுக்குமாடிகளுக்கு இடையிலான ஒடுங்கிய சந்துகளில் வெளிப்புறப் பெட்டிகள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். ஓர் அறையிலிருந்து வெளியேற்றப்படும் வெப்பம் மறைந்துபோவதில்லை. எதிர் மாடியில் குளிரூட்டி இல்லாத வீட்டின் யன்னல் வழியாக அது உள்ளே நுழைகின்றது. அந்த வீட்டுக்காரரும் கடன்பட்டு ஒன்றை வாங்குவார். சந்தின் வெப்பம் மேலும் உயரும். பெட்டிகளை எங்கே பொருத்தலாம் என்பதைக் கட்டட அனுமதி வழங்கும்போதே மாநகர சபைகள் கவனித்தால் இதில் பாதியேனும் தவிர்க்கப்படும்.

அரசாங்கம் செய்யவேண்டியது மின்மானியிலிருந்து தொடங்குகின்றது. நண்பகலில் சூரிய மின்சாரத்தை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, அதே நண்பகல் அலகுக்கும் இரவு உச்ச வேளை அலகுக்கும் வீட்டாரிடம் ஒரே விலையைக் கேட்பது எவ்விதத்திலும் நியாயமாகாது. நேரத்தைப் பதியும் மின்மானிகளை முதலில் 180 அலகுகளுக்கு மேல் பாவிக்கும் வீடுகளுக்கு வழங்கலாம். பெரும்பாலும் குளிரூட்டிகள் உள்ள வீடுகளும் அவையே. குறைந்த வருமானமுடைய வீடுகளுக்கு ஆரம்ப அலகுகளின் சலுகை விலை தொடரவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். மேலும், சித்திரை வெயிலில் ஊழியர்கள் கம்பளிச் சட்டை அணிந்து அமர்ந்திருக்கும் அரச அலுவலகங்களிலும் வங்கிகளிலும் 26 பாகை என்ற கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்துவதற்குப் புதிய மின்மானி எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையே போதுமானது.