டிராக்டரின் பழுதை அறியும் உரிமை

முற்காலத்து டிராக்டரில் கோளாறு நேர்ந்தால், ஓட்டுகிறவர் அதை ஓசையாலும் புகையாலும் சூட்டாலும் அறிந்து கொள்வது வழக்கம். இக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் அவ்வேலையை ஒரு சிறு கணிப்பொறி ஏற்றுக்கொண்டிருக்கிறது. எண்ணெயின் அழுத்தம், தண்ணீரின் உஷ்ணம், சுழலும் வேகம் முதலியவற்றை உணர்கருவிகள் மின்சார மூலமாக அதற்கு இடைவிடாது தெரிவிக்கின்றன. ஏதேனும் ஒன்று விதித்த எல்லையைக் கடக்குமாயின், அது எச்சரிக்கை விளக்கை ஏற்றிக் கோளாறுக்குரிய எண்ணைத் தன் நினைவில் பதித்துக்கொள்கிறது.

கனரக டீசல் என்ஜின்களுக்குரிய பொது விதியின்படி இக்குறி இரண்டு எண்களாலாயது. முதல் எண் எதில் கோளாறு என்பதையும், அடுத்தது எவ்விதக் கோளாறு என்பதையும் காட்டும். உதாரணமாக, 100 என்பது என்ஜின் எண்ணெயின் அழுத்தம். அதனுடன் 1 சேர்ந்தால் அழுத்தம் அபாயகரமாகக் குறைந்துவிட்டதென்று பொருள். என்ஜினை உடனே நிறுத்த வேண்டும். 4 சேர்ந்தாலோ, உணர்கருவியின் மின் அழுத்தம் குறைவென்று பொருள். கம்பியையும் கருவியையும் சோதிக்க வேண்டும். முதல் எண் ஒன்றே, பரிகாரமோ வேறு.

ஆகவே, இக்குறியைப் படிக்க வகையில்லாத விவசாயி, அற்பமான கம்பிக் கோளாறுக்கும் கம்பெனிச் சிப்பந்தியின் வரவை எதிர்பார்த்து அறுவடையை நிறுத்த நேரிடும். முற்றிய கதிர் எவருக்காகவும் காத்திராது.

அமெரிக்க விவசாயிகள் இக்குறையை நெடுநாள் முறையிட்டு வந்தனர். அதன் பயனாகக் கொலராடோ ராஜ்யத்தில் 2023-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறி, 2024 ஜனவரி 1-ல் அமுலுக்கு வந்தது. விவசாய இயந்திரங்களைச் செய்வோர், சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் உதிரிப் பாகங்களையும், சோதனைக் கருவிகளையும், மென்பொருளையும், விளக்க நூல்களையும் அளிக்க வேண்டுமென்பது அதன் சாரம்.

இதனால் புகைக் கட்டுப்பாடும் பாதுகாப்பும் கெடுமென்பது கம்பெனிகளின் ஆட்சேபணை. இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் படிப்பது வேறு, மாற்றுவது வேறு. அந்நாட்டில் 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் மோட்டார் கார்களில் எவரும் குறியைப் படிக்கக்கூடிய பொதுவான இணைப்பு கட்டாயமாயிற்று. அவ்வாறு விதித்தது புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே யாகும். காருக்குத் தகுந்தது டிராக்டருக்குத் தகாதென்பது நியாயமன்று.

டிராக்டர் வாங்க விரும்புவோர், விலையைப் பேசுமுன் குறிகளின் அட்டவணையும் படிக்கும் கருவியும் கிடைக்குமாவென்று கேட்டறிதல் நலம். கோளாறு கண்டவிடத்து, குறியை அழிக்குமுன் எழுதி வைத்துக்கொள்ளுதல் அவசியம். இயந்திரத்துக்கு விலை கொடுத்தவருக்கு அதன் நோயை அறியும் உரிமையும் உண்டு.