சீட்டுக் குலுக்கி வைத்தியமா?



உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். "இவரை மருத்துவமனையில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதா என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், அல்லவா? ஆனால், அப்படிப்பட்ட ஒரு குலுக்கல்தான் ஏழை நோயாளிகளுக்குப் பெரிய நன்மை செய்தது என்பேன்.

1956-ஆம் ஆண்டு. காசநோய் தீர ஓய்வு, சத்துணவு, நல்ல காற்று மூன்றும் வேண்டும். இவை சானடோரியத்தில்தான் கிடைக்கும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம். நம் நாட்டில் நோயாளிகளோ ஏராளம். படுக்கைகளோ மிகக் குறைவு. ஐசோனியாசிட் போன்ற புதிய மருந்துகள் வந்துவிட்டன. அவற்றை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதாதா?

கேள்வி எளிது, விடை காண்பது எளிதன்று. நோய் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கும் மற்றவர்களை வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, "வீட்டில் இருந்தவர்களே நன்கு தேறினார்கள்" என்றால் அது சரியான ஒப்பீடு ஆகுமா? கபடியில் பலசாலிகளை எல்லாம் ஒரே கட்சியில் சேர்ப்பது போலத்தான். மருத்துவர் எவ்வளவு நேர்மையானவரானாலும் அவரை அறியாமலே மனம் ஒரு பக்கம் சாயும். குலுக்கல் அப்படிச் சாயாது.

சென்னையில் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஆய்வு நடந்தது. 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று திடீரென்று போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவும் குறைந்த ஓய்வுமாக இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. பல நாடுகள் வீட்டுச் சிகிச்சைக்கு மாற இந்த ஆய்வு வழி திறந்தது. இன்று பெரும்பாலான காசநோயாளிகள் வீட்டிலிருந்தபடியேதான் மருந்து சாப்பிடுகிறார்கள்.

"மனிதர்களை வைத்தா சோதனை?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எந்தச் சிகிச்சை மேல் என்று தெரிந்த பிறகு குலுக்கல் போடுவது குற்றம். நோயாளியிடம் விளக்கிச் சொல்லி அவர் சம்மதம் பெறாமல் செய்வதும் குற்றம். ஆனால், உண்மையிலேயே விடை தெரியாதபோது, தெரிந்ததுபோல் பாவித்து வைத்தியம் செய்வதும் சோதனைதானே? கணக்கு எழுதி வைக்காத சோதனை! அதில் ஒருவர் இறந்தாலும் அடுத்தவருக்குப் பாடம் கிடைக்காது.

ஆகவே, "இது என் அனுபவத்தில் கைகண்ட மருந்து" என்று யாராவது சொன்னால், பணிவாக ஒன்று கேளுங்கள்: "எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?" நாளை உங்களில் சிலர் மருத்துவர் ஆவீர்கள். அப்போது அதே கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளவும் மறக்காதீர்கள்.