இரண்டுபட்ட ஊரும் எண்ணப்பட்ட வாக்கும்

‘ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்பது நம்மிடையே வழங்கும் முதுமொழி. ஊர் ஏன் இரண்டுபட்டது, எப்பகுதியார் தொகையிற் பெரியர் என்பன பற்றி அம்மொழி கவலை கொள்வதில்லை. பிளவினாற் பயன் பெறுபவன் யார் என்பதையே அது சுட்டுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவதா, அதனோடு இணைந்திருப்பதா என்னும் வினாவினாற் பிரித்தானியா இரண்டுபட்ட வரலாற்றை ஆராய்வோருக்கு இம்முதுமொழி நல்லதொரு கைவிளக்காகும். ‘பிறெக்சிற்’ என உலகம் வழங்கும் அப்பிளவு பொதுத் தேர்தற் களத்திற் புகுந்தபோது, மிகுதியானோர் பக்கம் எது என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை. சிதறாது நின்ற பக்கம் எது என்பதே தீர்மானித்தது.

2016 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆந் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில் விலகுதற்கு ஆதரவாக 51.9 சதவீதத்தினரும், இணைந்திருத்தற்கு ஆதரவாக 48.1 சதவீதத்தினரும் வாக்களித்தனர். இங்கிலாந்தும் வேல்சும் விலக விரும்பின. ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் இணைந்திருக்க விரும்பின. பல்கலைக்கழக நகரான கேம்பிரிட்ஜில் ஏறத்தாழ 74 சதவீதத்தினர் இணைந்திருக்க வாக்களிக்க, விவசாயப் பிரதேசத்து நகரான பொஸ்ரனில் ஏறத்தாழ 76 சதவீதத்தினர் விலக வாக்களித்தனர். தொழிற் கட்சியின் கோட்டையெனப் பெயர் பெற்ற சண்டர்லாந்திலும் விலகுவோரே மேலோங்கினர்.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியதொன்றுண்டு. பிரித்தானியக் கட்சிகள் பெரும்பாலும் வர்க்க அடிப்படையில் வளர்ந்தவை. சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் தொழிற் கட்சிக்கும், நிலமும் பொருளும் உடையோர் கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் வாக்களிப்பது பரம்பரை வழக்கு. ஐரோப்பிய வினாவோ இக்கோட்டைக் குறுக்கே வெட்டிச் சென்றது. ஒரே கட்சியின் வாக்காளருள் வடபுலத்துத் தொழிலாளி ஒரு பக்கமும் இலண்டன் மாநகரத்து ஆசிரியர் மறுபக்கமும் நின்றனர். கட்சிகளைக் குறுக்கே பிளக்கும் வினாக்கள் அந்நாட்டுக்குப் புதியன அல்ல. தானியச் சட்டங்களை நீக்கிய 1846 ஆம் ஆண்டிற் கன்சர்வேட்டிவ் கட்சி இரண்டாயிற்று. 1874 வரை அக்கட்சி மீண்டும் ஒரு பெரும்பான்மையைப் பெறவில்லை. பிளவுபட்ட கட்சிக்கு வரலாறு விதித்த தண்டனை அது.

2016 இன் பின்னர் இத்தண்டனைக்கு அஞ்சியே இரு பெருங் கட்சிகளும் நடந்துகொண்டன. 2017 இற் பிரதம மந்திரி தெரேசா மே தமது கையைப் பலப்படுத்த வேண்டித் தேர்தலை நாடி, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். 2019 ஜனவரியில் அவரது உடன்படிக்கை 202 க்கு எதிராக 432 வாக்குகளாற் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. விலகவேண்டும் என்பாரும், எவ்வாறு விலகுவது என்பதில் உடன்படவில்லை. தடுக்கவேண்டும் என்பாரும், எவ்வாறு தடுப்பது என்பதில் உடன்படவில்லை. மக்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே விடை கூறக்கூடியதாய் இருந்த வினா, பாராளுமன்றத்திற் பல கிளைகளாய் விரிந்தது.

இம்முடிச்சை அவிழ்க்க 2019 டிசம்பர் 12 ஆந் திகதி மீண்டும் பொதுத் தேர்தல் வந்தது. விலகும் பக்கத்தார் செய்ததையும், இணைந்திருக்கும் பக்கத்தார் செய்யத் தவறியதையும் ஒப்புநோக்குக. அவ்வாண்டு மே மாதத்து ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் முதலிடம் பெற்ற பிறெக்சிற் கட்சியின் தலைவர் நைஜல் பராஜ், முந்திய தேர்தலிற் கன்சர்வேட்டிவ் கட்சி வென்ற 317 தொகுதிகளிலும் தமது கட்சி போட்டியிடாது என அறிவித்தார். விலகுவோர் வாக்கு பெரும்பாலும் பொறிஸ் ஜோன்சன் என்னும் ஒரே குடையின் கீழ் வந்து சேர்ந்தது. மறுபக்கத்திலோ லிபரல் ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் வேல்ஸ் தேசியக் கட்சியும் 60 தொகுதிகளில் மட்டும் உடன்பாடு கண்டன. தொழிற் கட்சி அதிற் சேரவில்லை. அதன் தலைவர் ஜெரமி கோர்பின் இரண்டாவது வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்களித்தார். அதில் தாம் நடுநிலை வகிப்பதாகவும் கூறினார்.

விளைவு யாது? கன்சர்வேட்டிவ் கட்சி 43.6 சதவீத வாக்குக்கு 365 ஆசனங்களைப் பெற்றது. 2017 உடன் ஒப்பிட அதன் வாக்கு ஒரு சதவீதமளவே கூடியது; ஆசனங்களோ 48 கூடின. பிளைத் வலி, பொல்சோவர் முதலிய பழைய சுரங்கத் தொகுதிகள் தொழிற் கட்சியைக் கைவிட்டன. இலண்டனிலுள்ள கென்சிங்ரன் தொகுதியின் கதை இன்னுந் தெளிவானது. இணைந்திருக்க விரும்புவோர் நிறைந்த அத்தொகுதியிற் கன்சர்வேட்டிவ் அபேட்சகர் 150 வாக்குகளால் வென்றார். தொழிற் கட்சிக்கு 16,000 க்கு மேலும், லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 9,000 க்கு மேலும் வாக்குகள் கிடைத்திருந்தன. நாடு முழுவதிலும் இரண்டாவது வாக்கெடுப்பை ஆதரித்த கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் அவை பாதிக்குச் சற்று மேற்படும்.

‘அவ்வாறாயின் 2019 இன் தீர்ப்புச் செல்லாதோ?’ எனச் சிலர் வினவலாம். செல்லும். ஆட்டத்தின் விதிகளை யாவரும் முன்னரே அறிந்திருந்தனர். தொழிற் கட்சிக்கு வாக்களித்தோர் அனைவரும் ஐரோப்பாவை எண்ணியே வாக்களித்தனர் எனவுங் கூறவியலாது. மூன்றாண்டு இழுபறியிற் களைத்த மக்களுக்கு ஏதேனும் ஒரு முடிவு வேண்டியிருந்தது. 2020 ஜனவரி 31 இல் அம்முடிவு நடைமுறைக்கு வந்தது. முடிவு பெறுதல் வேறு, மனம் ஒன்றுபடுதல் வேறு என்பதே நாம் வலியுறுத்துவது. இரவலாகப் பெற்ற வாக்கைச் சொந்தச் சொத்தென மயங்கியவர்கள் பின்னர் அதற்கு விலை கொடுத்தனர்.

2024 ஜூலை 4 ஆந் திகதித் தேர்தல் இதற்குச் சான்று. இம்முறை சிதறியது மறுபக்கம். கன்சர்வேட்டிவ் கட்சி 23.7 சதவீதமும், பராஜின் சீர்திருத்தக் கட்சி 14.3 சதவீதமும் பெற்றுத் தம்முட் பிரிந்து நின்றன. தொழிற் கட்சி 33.7 சதவீத வாக்குடன் 411 ஆசனங்களைக் கைப்பற்றியது. 2017 இல் 40 சதவீதம் பெற்றும் அதற்குக் கிடைத்தவை 262 மாத்திரமே! பிரசாரத்தில் பிறெக்சிற் என்னுஞ் சொல்லைப் பெருங் கட்சிகள் உரக்க உச்சரிக்கவில்லை. ஆயினும் அப்பிளவு நிலத்தடி நீர் போல ஓடிக்கொண்டிருந்தது.

இலங்கை வாசகருக்கு இக்கணக்கு அந்நியமானதன்று. பிரித்தானியரின் இத்தேர்தல் முறையையே நாமும் வரித்திருந்தோம். 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 சதவீத வாக்குகளுடன் 17 ஆசனங்களையும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 37 சதவீதத்துடன் 91 ஆசனங்களையும் பெற்றன. பின்னையது தன் தோழமைக் கட்சிகளுடன் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டமை இதற்கு ஒரு பெருங் காரணம். 1978 இன் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. பிரித்தானியாவோ பழைய தராசையே இன்னமும் கையில் வைத்திருக்கின்றது.

அத்தராசு அரசாங்கத்தைத் தெரிவதற்குத் தகும். ஒரு நாட்டின் நெஞ்சைப் பிளந்த வினாவை நிறுப்பதற்கு அது தகாது. அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்ட் மாதத்துக்குள் நடைபெறவேண்டும். அதன் முடிவு எதுவாயினும், வென்றவர் தமக்குக் கிடைத்த ஆசனங்களை மட்டும் எண்ணி மகிழ்வராயின் மீண்டும் ஏமாறுவர். தமக்கு வாக்களியாதோரையும் எண்ணிப் பார்ப்பவரே இரண்டுபட்ட ஊரை ஒன்றாக்க வல்லவர். மற்றையோர் அம்முதுமொழி கூறுங் கூத்தாடிகளே!